பந்திக்கு வந்த நரி

மகனே, உன் கடிதத்தைக் கொட்டகையில் வைத்துத்தான் படித்தேன். பகல் நேரம், ஆள் நடமாட்டம் இல்லை, உன் அப்பா படம் ஓட்டுகிற மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். முதல் பக்கம் முழுக்கச் சௌக்கியம் விசாரித்திருக்கிறாய். அடுத்த பக்கத்தில் பெரியநாயக்கன்பாளையத்தில் மழை உண்டா என்று கேட்டிருக்கிறாய். கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் எழுத்தை நெருக்கிப் போட்டு, விஷயத்துக்கு வந்திருக்கிறாய். ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் உனக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்துவிட்டார், வருகிற வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்ளலாம் என்கிறார். ஆனால் மாப்பிள்ளையைப் பெற்றவள் டெண்ட் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று நரிக்குக் குரல் கொடுப்பதை இத்தோடு விட்டுவிட வேண்டும், அதையும் அன்றைக்குப் பெரியவர்கள் முன்னால் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். இவ்வளவுதானே? இதைச் சொல்ல உனக்கு இத்தனை காகிதம் வேண்டியிருந்தது. எனக்கு ஒரு வார்த்தை போதும். மாட்டேன்.

ஒரு வார்த்தையை மட்டும் எழுதித் தபாலில் போட்டால், அம்மாவுக்குத் திமிர் என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு இருந்துவிடுவாய். அதனால் நீளமாகவே எழுதுகிறேன். மில் ஆபீசில் உன் மேஜையில் விரித்து வைத்துப் படி. பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தால் அவருக்கும் படித்துக் காட்டு. ஒளிக்கும்படி இதில் ஒன்றும் இல்லை. ஊர் ஊராகக் கூடாரம் அடித்து, ஊர் கேட்கப் பேசுகிற பொம்பளை நான். என் மகனுக்கு எழுதுவதை மட்டும் எதற்கு ரகசியமாக எழுதவேண்டும்?

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் கோட்டுப் போட்ட பிறகு நீ சிலவற்றை வசதியாக மறந்துவிட்டாய் என்று தெரிகிறது, அதனால் திரும்பச் சொல்கிறேன். அப்போது எங்கள் கொட்டகையில் பேசாத படங்கள்தான். திரைக்குப் பக்கத்தில் அப்பா ஒரு முக்காலி போட்டு நின்று, ஓடுகிற படத்துக்கு ஏற்றபடி கதை சொல்வார். ராஜா வந்தால் ராஜா மாதிரி, ராணி அழுதால் ராணி மாதிரி. அவர் குரலுக்கென்றே கூட்டம் வந்த காலம் அது. பழைய ரீல்கள் வாங்கியபோது அதோடு ஒரு சின்ன ரீலை ஓசியாகக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரன் எவனோ சித்திரம் சித்திரமாக வரைந்து ஓடவிட்ட பொம்மைப் படம். வாத்துகளின் வீட்டில் கல்யாணம். பந்தி நடக்கிறது. ஒரு ஒல்லி நரி பின்வாசல் வழியாக வந்து பலகாரத்தைத் திருடப் பார்க்கிறது, சமயம் வாய்த்தால் ஒரு வாத்தையும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அதற்கு ஒரு யோசனை. கடைசியில் ஒரு அப்பத்தை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகிற நேரத்தில் வாத்துகள் பார்த்துவிடுகின்றன. துடைப்பத்தால் அடித்து, கிணற்றில் தள்ளிவிட்டு, எல்லாம் கைகோத்துக்கொண்டு ஆடுகின்றன. அதோடு படம் முடிந்தது.

அப்பா அந்த நரிக்குத் தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு, அண்டம் அதிரச் சிரித்துப் பேசுவார். பிள்ளைகள் பயந்து தாய்மார் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். நரி கிணற்றில் விழுந்ததும் எல்லாரும் கைதட்டுவார்கள். கிணத்துக்கடவில் கூடாரம் போட்டிருந்தபோது அவர் தொண்டை ஒரேயடியாகக் கட்டிப்போனது. வைத்தியர் பார்த்தார், கஷாயம் கொடுத்தார், குரல் போனது போனதுதான். இன்றைக்கும் அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கேட்கிறது. தொண்டை கட்டிய அன்று சாயங்காலம் டிக்கெட் கொடுத்தாகிவிட்டது, ஜனம் உட்கார்ந்துவிட்டது, கதை சொல்ல ஆள் இல்லை. அப்பா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஆபரேட்டர் வேலையை விட்டுப் போயிருந்ததால் நீதான் மெஷினில் இருந்தாய், பள்ளிக்கூட லீவு. "அம்மா, நீங்க பேசுங்கம்மா, உங்களுக்குத்தான் எல்லாக் கதையும் தெரியுமே" என்று அங்கிருந்து கத்தியவன் நீ. மறந்திருக்க மாட்டாய்.

எனக்குக் கத்த வராது. கரகரவென்று மிரட்டவும் வராது. நான் வளர்ந்த வீட்டில் மாட்டைக்கூட மரியாதையாகத்தான் விரட்டுவார்கள். அதனால் நரி வந்ததும் எனக்குத் தெரிந்தபடி அதைப் பேசவிட்டேன். பின்வாசலில் அது தலையை நீட்டியபோது, "ஏனுங்க, பந்தி எந்தப் பக்கமுங்க?" என்றேன். கொட்டகை கொல்லென்று சிரித்தது. வாத்து ஒன்று முறைத்தது. "கோவிச்சுக்காதீங்க அம்மணி, நான் ஒரு ஓரமா உக்காந்துக்கறேனுங்க, எல போடாட்டியும் பரவால்லீங்க" என்றேன். அவ்வளவுதான், அன்றோடு அந்த நரி ஊர்க்காரன் ஆகிவிட்டது. இந்த ஊரில் ங்க போட்டுப் பேசுகிற ஒருவனை எப்படி வெறுப்பது? ஜனங்களுக்குத் தெரியவில்லை. பயந்து ஒளிந்த பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தன.

என்னைக் குறை சொல்கிறவர்களுக்கு ஒன்று தெரியாது. நான் பேசியதால் மட்டும் நரி நல்லதாகிவிடவில்லை. அந்தப் படத்தை உற்றுப் பார். வாத்துகள் அத்தனைக்கும் ஒரே முகம், ஒரே மூக்கு, ஒரே நடை. வரைந்தவன் ஒன்றை வரைந்துவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான். நரியை மட்டும் எப்படி வரைந்திருக்கிறான்? ஒரு காது மடிந்திருக்கும். கால்சட்டையில் ஒட்டுப் போட்டிருக்கும். அப்பத்தைப் பார்க்கும்போது அதன் புருவம் தனியாக ஒரு பாடு படும். அவனுக்கு ஆசையெல்லாம் நரி மேல்தான். தர்மத்துக்காக வாத்துகளை ஜெயிக்கவிட்டான், மனசை நரியிடம் கொடுத்துவிட்டான். எந்த ஊரில் உட்கார்ந்து வரைந்தானோ, அவனுக்கும் எங்கேயோ ஒரு பந்தியில் இடம் கிடைக்காமல் போயிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அதோடு நம் ஜனங்கள் செய்த தவறு ஒன்று இருக்கிறது, வேறு எந்தச் சீமையிலும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் அந்தப் படத்தைத் திருட்டுக் கதையாகவே பார்க்கவில்லை. கல்யாண வீட்டுக்கு ஒருவன் பசியோடு வருகிறான், அவனைச் சாப்பிடவிடாமல் அடித்துத் துரத்துகிறார்கள் என்றுதான் பார்த்தார்கள். நம் பக்கத்தில் கல்யாணப் பந்திக்கு வந்தவன் எதிரியானாலும் சாப்பிட்டாயா என்று கேட்பது வழக்கம். கேட்பார்கள், சரி. ஆனால் தோட்டங்களில் பாடுபடுகிறவர்கள் அதே கல்யாணத்துக்கு வந்தால் வீட்டுக்குப் பின்னால், சொந்தப் பாத்திரத்தோடு, எல்லாரும் எழுந்து கைகழுவும் வரை நிற்பார்கள். தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்தான். பின்வாசல் வழியாக வருகிற நரியை அவர்களுக்கு நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

கிணத்துக்கடவில் அந்தக் கடைசிச் சனிக்கிழமையை நினைத்துப் பார். நரி அப்பத்தை வாய்க்குக் கொண்டுபோனது, வாத்துகள் வந்தன, துடைப்பம் பறந்தது, நரி கிணற்றில் விழுந்தது. வழக்கமாகச் சிரிக்கிற இடம். அன்று தரையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து நின்றார், தென்னந்தோப்பில் மரமேறிக் காய் பறித்துப் போடுகிறவர். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏனுங்கம்மா, பசிச்சு வந்ததை இப்படி அடிக்கறாங்களே. ஒரு வாய் திங்க உட்டுப்போட்டு அப்பறம் அடிச்சா ஆகாதுங்களா?"

ஓடுகிற படத்தில் நான் என்ன செய்ய முடியும், நான் வெறும் குரல்தானே. அப்போது மெஷின் சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தால், நீ கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாய்! திரையில் நரி கிணற்றிலிருந்து தலைகீழாக எழும்பி வந்தது, துளி ஈரம் இல்லாமல். துடைப்பங்கள் அதன் முதுகைவிட்டு விலகிப் போயின. வாத்துகள் பின்னோக்கி நடந்து போய்த் தத்தம் இலையில் உட்கார்ந்தன. தரையில் உருண்ட அப்பம் துள்ளி எழுந்து நரியின் கைக்கு வந்து, வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. அந்த இடத்தில், மிகச் சரியாக அந்த இடத்தில், நீ விளக்கின் மூடியை இறக்கிவிட்டாய். கொட்டகை இருண்டது. இனி என் வேலை என்று எனக்குப் புரிந்தது. இருட்டில் நின்று சொன்னேன்: "சாப்புட்டேனுங்க. வயிறு நெறஞ்சுதுங்க. எல்லாரும் நல்லா இருங்க." அன்று எழும்பிய சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கூடாரம் சாய்ந்துவிடும் என்று அப்பா கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், உன்னைப் பெற்றதற்காக அன்று பெருமையில் அழுதேன்.

மறுநாளே கூடாரம் போட்ட நிலத்துக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, பேச்சில் மரியாதைக்குக் குறைவே இல்லை. "ஏனுங்கம்மா, நரியைச் சாப்பிட வெச்சுப்போட்டீங்களாமே. நாளைக்கு எங்க ஊட்டுக் கல்யாணத்துல எவனுங்க பின்னால நிப்பான்? நேரா வந்து எலையில உக்காந்துக்குவானுங்க" என்றார். நான், "உக்காந்தா சோறு போடுங்க, அவ்வளவுதானுங்களே" என்றேன். நிலத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். மூட்டை கட்டிக்கொண்டு பெரியநாயக்கன்பாளையம் வந்தோம். வண்டியில் கம்பங்களுக்கு மேல் உட்கார்ந்து வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தவன் நீ. அந்தப் பையன் எங்கே போனான் என்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு யோசித்தேன்.

இப்போது பேசும் படம் வந்துவிட்டது. ராஜாவும் ராணியும் தாங்களே பேசிக்கொள்கிறார்கள், பாடிக்கொள்கிறார்கள், பாட்டை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவதில்லை. ஆனாலும் பெரிய படத்துக்கு முன்னால் நரி ரீலைப் போடாவிட்டால் மில் ஆட்கள் விசில் அடிக்கிறார்கள். குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். குழந்தைகள் கெட்டுப்போகும் என்று இங்கேயும் ஒரு வாத்தியார் வந்து சொன்னார். "நரிக்காக அழுகிற குழந்தை நாளைக்குத் திருடும்" என்றார். நான் கேட்டேன், ராஜாவுக்குக் கைதட்டின பிள்ளையெல்லாம் ராஜா ஆயிருச்சுங்களா என்று. நரி நல்லவன் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அது திருட வந்தது, அது எனக்கும் தெரியும், அந்தக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் அழுகிறது. தப்பு செய்கிறவனுக்கும் வயிறு இருக்கிறது என்று குழந்தைக்குப் புரிகிற அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எத்தனை வாத்தியாரையும் பகைத்துக்கொள்வேன். நல்லவர்களைப் பார்த்துக் கைதட்ட யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அடிபடுகிறவனைப் பார்த்து, ஐயோ இவன் ஏன் வந்தான் என்று கேட்கத்தான் பழக்கம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நல்ல பெண்டாட்டியாக, நல்ல மருமகளாக நான் இருந்த காலம் முழுக்க என்னிடம் ஒருவரும் எதையும் கேட்டதில்லை. நான் பேசினால் அடுப்பங்கரை தாண்டிக் கேட்டதும் இல்லை. நரியாகப் பேச ஆரம்பித்த பிறகுதான் ஒரு கொட்டகை ஜனம் என் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தது. அதை நான் யாருக்காகவும் விடுவதாக இல்லை. உனக்காகக்கூட இல்லை. நீ வருத்தப்படுவாய், எனக்குத் தெரியும். எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் விடமாட்டேன்.

நீ இதற்குக் கோபப்படுவாய் என்று தெரிந்தும் ஒன்று செய்தேன். உன் கடிதம் வந்த மறுநாள் ரயில் ஏறி ஈரோட்டுக்குப் போனேன், தனியாக. மஞ்சள் மண்டிக்காரர் வீடு தேடுவது கஷ்டமாக இல்லை, தெரு முழுக்க மஞ்சள் வாசம். மனுஷர் எழுந்து வந்து கும்பிட்டார். "வாங்கம்மா, வாங்க, முன்னாடியே சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பனே" என்றார். நாற்காலி போட்டார்கள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"பையன் எழுதியிருந்தானுங்கண்ணா. நான் கொட்டகையில பேசறதை நிறுத்த மாட்டேனுங்க. அதை நேர்ல சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்கம்மா. பொம்பளை ஆள் பேசறதே ஒரு மாதிரி. அதுவும் நரியாட்டம்…"

"மகாலச்சுமியாட்டம் பேசினா பரவால்லீங்களா?"

"அது வேற சங்கதிங்களே."

"வேற சங்கதிதானுங்க. மகாலச்சுமிக்குப் பேச ஊரெல்லாம் ஆளிருக்குது. நரிக்கு யாருமில்லீங்க, அதான் நான் பேசறேன்."

அவர் கெட்டவர் இல்லை, மகனே. சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, அடக்கிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு பண்ணுங்கம்மா. அன்னைக்கு நிறுத்திப்போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அப்பறம் நீங்க பேசினா நான் என்ன வந்து பாக்கவா போறேன்?" என்றார். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் உப்பை வைத்துக்கொண்டு சொல்கிற சொல் அது. இரண்டு வீடும் உப்பையும் சர்க்கரையையும் கைமாற்றிக்கொள்வது எதற்கு? இனி உன் வீட்டில் சாப்பிட்டால் என் வீட்டில் சாப்பிட்ட மாதிரி என்பதற்கு. அந்த இடத்தில் உட்கார்ந்து பொய் சொல்லி ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்கிறாரா? "உப்பு முன்னால பொய் சொல்ல வராதுங்கண்ணா" என்றேன். அவர் முகம் இறுகிவிட்டது. "அப்படின்னா மாப்பிள்ளை அவங்க பெரியம்மாவைக் கூட்டிக்கிட்டு வரட்டுமுங்க. தாய் இடத்துல அவங்க உக்காரட்டும். பொண்ணு குடுக்கறேன். நீங்க வந்தா, மன்னிச்சுக்கோங்க, ஆகாதுங்க" என்றார். ஆகாது என்பதையும் அத்தனை மரியாதையாகச் சொன்னார். நம் ஊர் மரியாதை அப்படித்தான், கழுத்தைப் பிடித்துத் தள்ளும்போதும் ங்க போட்டுத்தான் தள்ளும்.

எழுந்து வெளியே வந்தேன். பின்னாலேயே உன் பெண் மோர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். உன் பெண் என்றுதான் எழுதுகிறேன், பார்த்ததிலிருந்து எனக்கு வேறு மாதிரி சொல்ல வரவில்லை. தாவணி முந்தியில் மஞ்சள் கறை, நெற்றியில் வேர்வை. சொம்பைக் கையில் கொடுத்துவிட்டு, வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை, அந்த நரி கடைசியில சாப்பிட்டுச்சுங்களா? எங்க ஊட்டுல வேலை செய்யற அக்கா கிணத்துக்கடவுல பாத்துருக்குது, சாப்பிட்டுச்சுங்குது. அவுங்க ஊட்டுக்காரரு சாப்பிடலைங்கறாரு. என்னைக் கொட்டகைக்கு உட மாட்டாங்க."

"ரீல்ல சாப்பிடலை கண்ணு" என்றேன். "எங்க கொட்டகையில சாப்பிட்டுச்சு. சாப்பிட வெச்சவன் உன்னைக் கட்டிக்கப் போறவன்தான்." கைப்பிடியைத் திருப்பிச் சுற்றியதை நின்றபடியே சொன்னேன். அவள் கண் பெரிசானது. முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அப்பச் சரிங்க அத்தை" என்றாள். சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் சரி என்று சொன்னது மில் ஆபீஸ் உத்தியோகத்துக்கு இல்லை, உன் கோட்டுக்கும் இல்லை. பெரியம்மாவைத் தாய் இடத்தில் உட்கார வைத்துவிட்டு நீ போய் நின்றால், அவள் யாரைக் கட்டிக்கொள்வதாக நினைத்தாளோ அவன் வரவில்லை என்று அந்த ஒரு பெண்ணுக்கு மட்டும் தெரிந்துவிடும். ஆயுசு முழுக்க அவள் வாயைத் திறந்து உன்னிடம் சொல்லவும் மாட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வண்டிக்குக் கோயமுத்தூர் ஸ்டேஷனில் நான் இருப்பேன், அப்பாவும் இருப்பார். எங்களோடு ஏறினால், ஈரோட்டில் இறங்கி நீயே அவரிடம் பேசு. "இவங்கதானுங்க எங்கம்மா, கொட்டகையில பேசறவங்க, இனியும் பேசுவாங்க, பொண்ணு குடுக்கறீங்களா" என்று உன் வாயால் கேள். முடியாது என்றால் எழுந்து வந்துவிடலாம், மறுபடியும் போய்க் கேட்கலாம், அவர் கல்மனசுக்காரர் இல்லை. உன் பெரியம்மாவோடு போவதாக இருந்தால் அதுவும் உன் இஷ்டம், நான் ஸ்டேஷனில் அழுது கூட்டம் சேர்க்க மாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள். கல்யாணத்துக்கு நான் வருவேன். பத்திரிகை வைக்காவிட்டாலும் வருவேன். நேராக நடந்து வந்து முதல் பந்தியில் உட்காருவேன். என்னை எழுப்ப வேண்டுமென்றால் வேறு யாரையும் அனுப்பாதே, நீயே வா.